அத்தியாயம் 7: பானைக்கு ஒரு சோறு

அப்டேட்டுகளைச் சேனல் பார்த்து, பந்தி பந்தியாக விடும் முறை

"சார், டோக்கனையே காட்ட மாட்டேங்குது."

அன்று 20ஆம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நான் போனபோது அங்கிருந்த அக்கா டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் பிடுங்கி வேறு யு.எஸ்.பி. துளையில் செருகிக்கொண்டிருந்தார். டோக்கனில் விளக்கு எரிந்தது, கணினிக்கு அது தெரியவில்லை. பக்கத்து மேசையிலும் அப்படியே. கணக்குப் பிரிவின் ஆறு கணினிகளிலும் அப்படியே. முந்தைய இரவு இறங்கிய ஓர் அப்டேட்டுடன் டோக்கனின் பழைய டிரைவர் ஒத்துப்போகவில்லை.

அப்டேட் விஷயத்தில் நான் எச்சரிக்கையான ஆள் என்றே அதுவரை நம்பியிருந்தேன். வெளியான அன்றே எதையும் ஏற்கக் கூடாது என்று அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் 30 நாள் தாமதம் வைத்திருந்தேன். அந்த முப்பது நாளில் எங்களில் ஒருவர்கூட அந்த அப்டேட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. கெடு முடிந்த இரவில் எல்லாக் கணினிகளிலும் அது ஒன்றாக இறங்கியது. முதல் நாளே இறங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முப்பது நாள் காத்திருந்து நாங்கள் தெரிந்துகொண்டது எதுவுமில்லை.

அன்று கைகொடுத்தது விடுப்பில் போயிருந்த ஒருவரின் மடிக்கணினி. ஒரு வாரமாக அணைந்தே கிடந்ததால் அதில் பழைய பதிப்பு இருந்தது. அப்டேட்டை நிறுத்திவைத்துவிட்டு, டோக்கனை அதில் செருகி, ஏழு மணிக்குத் தாக்கலை முடித்தோம். அந்த ஒரு கணினி தற்செயலாகப் பின்தங்கியிருந்தது. அன்று தற்செயலாகக் கிடைத்ததைத் திட்டமிட்டு எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

சேனல் வேறு, பந்தி வேறு

இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சேனல் என்பது மென்பொருள் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைச் சொல்வது. குரோம் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேனரி, டெவ், பீட்டா, ஸ்டேபிள் என்று நான்கு சேனல்கள். கேனரியில் அன்றன்று எழுதிய நிரல் அன்றன்றே வரும். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக் காற்றை முதலில் உணர்ந்து காட்டக் கூண்டில் கொண்டுபோன கேனரிப் பறவையிலிருந்து வந்த பெயர் அது. டெவ், பீட்டா என்று படிப்படியாக வடிகட்டி, ஸ்டேபிளில் பொதுமக்களுக்கு வருகிறது. 2021இல் வந்த குரோம் 94 முதல், ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்த புதிய பதிப்பு நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றானது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நிறுவனங்களுக்காக எட்டு வாரம் ஓடும் நீட்டித்த ஸ்டேபிள் சேனலும் அப்போதே வந்தது.

பந்தி என்பது ஒரே பதிப்பு யாருக்கு எப்போது போகிறது என்பது. இதைத் தொழிலில் 'ரிங்' என்பார்கள். எனக்குக் கல்யாணப் பந்திதான் நினைவுக்கு வருகிறது. சமையல்காரர் முதலில் ருசி பார்க்கிறார். முதல் பந்தியில் வீட்டு ஆட்கள் சிலர் உட்காருகிறார்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். அடுத்த பந்திக்கு முன் சரிசெய்துவிடலாம். சம்பந்தி வீட்டார் உட்காரும்போது குறை இருக்கக் கூடாது.

மென்பொருள் நிறுவனங்களும் பந்தி வைத்துத்தான் பரிமாறுகின்றன. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஒரு செயலியின் புதிய பதிப்பைப் படிப்படியாக விடும் வசதி உண்டு. முதல் நாள் நூற்றில் ஒருவருக்கு, பிறகு 2, 5, 10, 20, 50 சதவீதம் என ஏறி, ஏழாம் நாள் எல்லோருக்கும் போகும். தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கணக்கு. கேட்டு வாங்குபவருக்கு எப்போதும் கிடைக்கும். கூகுள் பிளேயிலும் சதவீதம் வைத்து விடலாம், சிக்கல் தெரிந்தால் நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கைப்பேசிகளிலிருந்து அது தானாகத் திரும்பி வராது. உபுண்டுவும் வழக்கமான அப்டேட்டுகளைப் படிப்படியாக விடுகிறது. பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் எல்லோருக்கும் உடனே தருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர்களே பந்தி வைக்கும்போது நாம் ஏன் தனியாக வைக்க வேண்டும்? உங்கள் டோக்கன், உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், உங்கள் பழைய தமிழ் எழுத்துரு ஆகியவை அவர்கள் பந்தியில் உட்காரவில்லை என்பதால்.

மூன்று சம்பவங்கள்

முன்னால் போகிறவரின் கண்ணும், அவர் சொல்வதைக் கேட்கும் காதும் இல்லாமல் சேனலுக்கு மதிப்பில்லை. உலகம் அறிந்த மூன்று சம்பவங்கள் இதைக் காட்டுகின்றன.

முதலாவது, 2018 அக்டோபர் 2. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வெளியானது. சிலருடைய ஆவணக் கோப்புகள் அழிந்துபோயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்திவிட்டு, திருத்திய பதிப்பை நவம்பர் 13இல் மீண்டும் விட்டது. முன்னோட்டச் சேனலில் இருந்த சிலர் கோப்பு அழிவதை வெளியீட்டுக்கு முன்பே பதிவுசெய்திருந்தார்கள். அவர்களுடைய புகாருக்குப் போதிய ஆதரவு வாக்குகள் விழாததால் அது குவியலுக்குள் புதைந்துவிட்டது. பிறகுதான் புகார் எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதி சேர்க்கப்பட்டது. முதல் பந்தி பேசியது, கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது, 2024 மார்ச் 29. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்.இசட்' என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவழி வைத்திருந்தார்கள் என்பது அன்று வெளியானது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் 'சிட்' எனப்படும் நிலையற்ற சேனலில் வேலை செய்துகொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.எச். மூலம் நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். அதற்குள் அந்தப் பதிப்புகள் முன்னோடிச் சேனல்கள் சிலவற்றுக்கு வந்திருந்தன, டெபியனின் ஸ்டேபிளைத் தொடவில்லை. உலகெங்கும் ஸ்டேபிளில் ஓடும் சர்வர்கள் தப்பியது, முன்னால் இருந்த ஒருவர் அரை விநாடியைச் சந்தேகித்ததால்.

மூன்றாவது, 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பு போனது. அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் 85 லட்சம் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகிகள் இதில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல நிறுவனங்கள் அந்த மென்பொருளைக் கவனமாக ஒரு பதிப்பு, இரண்டு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்தன. அந்தக் கட்டுப்பாடு மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே இருந்தது. அடிக்கடி வரும் இந்த உள்ளடக்கக் கோப்பு அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராமல் எல்லோருக்கும் ஒன்றாகப் போயிற்று. பந்தி வைத்திருந்தார்கள், ஒரு பதார்த்தம் மட்டும் பின்வாசல் வழியாக எல்லா இலைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகே அந்த நிறுவனம் உள்ளடக்கக் கோப்புகளையும் படிப்படியாக விடத் தொடங்கியது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வருவோம்.

படி 1: பானைகளை எண்ணுங்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தக் கணக்கு ஒரே பானைக்குத்தான் செல்லும். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பானை?

கணினியின் பிராண்டையோ வாங்கிய ஆண்டையோ வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, அதில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். டாலியும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் உள்ளவை ஒரு பானை. கையொப்ப டோக்கன் செருகுபவை இன்னொரு பானை. பார்கோடு வருடியும் பில் பிரிண்டரும் உள்ள கவுன்டர், எடைமேடை இணைந்த கணினி, கைரேகை வருகைப் பதிவு, பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்யும் டி.டி.பி. அறை, கல்லூரி என்றால் ஆய்வகம் என ஒவ்வொன்றும் ஒரு பானை. 120 கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் பொதுவாக எட்டுப் பானைக்குக் குறையாது.

2021 மார்ச் 9இல் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களுக்கு அச்சுக் கொடுத்ததுமே கணினி நீலத்திரைக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் திருத்தம் தந்தது. அந்தப் பிரிண்டர் இல்லாத நூறு கணினிகளில் சோதித்தாலும் அந்தச் சிக்கல் தெரிந்திருக்காது. இருக்கும் ஒரே ஒரு கணினியில் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். சோதனையில் எண்ணிக்கையைவிட வகை பெரிது.

படி 2: நான்கு பந்தி

120 கணினிகளை இப்படிப் பிரிக்கலாம்.

ருசி பார்ப்பவர்: உங்கள் கணினியும் உதவியாளர் கணினியும். மொத்தம் 2.

முதல் பந்தி: பானைக்கு ஒன்றாக 8. இதற்கு ஆள் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணினி கெட்டிக்காரர் வேண்டும் என்பதில்லை. சின்னக் கோளாறு என்றாலும் உடனே போன் செய்பவர் வேண்டும். "ரெண்டு நாளாவே அப்படித்தான் சார் இருக்கு, நீங்க பிஸியா இருப்பீங்கன்னு சொல்லல" என்கிற நல்ல மனிதர் இந்த இடத்துக்குப் பொருந்தமாட்டார். அவரவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "உங்க சிஸ்டத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி அப்டேட் வரும். எது மாறினாலும் எனக்குச் சொல்லணும். உங்க வேலை நின்னா முதல்ல உங்ககிட்டதான் வருவேன்." அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

இரண்டாம் பந்தி: பொதுவான கணினிகள் 80.

கடைசிப் பந்தி: நின்றால் வருமானமோ சட்டக் கெடுவோ பாதிக்கும் கணினிகள் 30. கவுன்டர், கணக்கு, எடைமேடை எல்லாம் இங்கே.

முதல் பந்திக்கு எடுக்கும் கணக்குப் பிரிவுக் கணினி, தாக்கல் செய்யும் கணினியாக இருக்கக் கூடாது. அதே மென்பொருள், அதே டிரைவர் உள்ள இரண்டாவது கணினியாக இருக்கட்டும். ஒரு பிரிவின் இரண்டு கணினிகளும் ஒரே பந்தியில் இல்லாதிருந்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

படி 3: நாள் குறித்தல்

விண்டோஸின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறது. அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை பத்து மணி. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30, அவர்கள் குளிர்கால நேரத்தில் இருந்தால் 11.30. ஆகவே நம் ஊரில் இது புதன்கிழமைக் காலை வேலை.

விண்டோஸ் ப்ரோ பதிப்பில் குழுக் கொள்கை வழியாக மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை தள்ளிப்போடலாம். நான் வைக்கும் கணக்கு இது.

ருசி பார்ப்பவருக்கு 0 நாள், அதாவது புதன் காலை. முதல் பந்திக்கு 1 நாள். புதன் இரவு திறக்கும், வியாழன் காலை இறங்கும். இரண்டாம் பந்திக்கு 6 நாள். திங்கள் இரவு திறந்து செவ்வாய் காலை இறங்கும். நடுவில் வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என நான்கு வேலை நாட்கள் முதல் பந்தியைக் கவனிக்கக் கிடைக்கின்றன. கடைசிப் பந்திக்கு 13 நாள்.

அதென்ன 13? இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, 3பிக்கு 20. எட்டுடன் பதின்மூன்றைக் கூட்டினால் 21. எந்த மாதமானாலும் இரண்டு கெடுவும் தாண்டிய பிறகுதான் கணக்குப் பிரிவின் முக்கியக் கணினிகளை அப்டேட் தொடும். உங்கள் அலுவலகத்துக்கு வேறு கெடு இருக்கும். கல்லூரி என்றால் செய்முறைத் தேர்வு, துணிக்கடை என்றால் தீபாவளி. அந்த நாட்காட்டியை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்பத் தாமத நாளைக் கணக்கிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பெரிய பந்தி போடாதீர்கள். கோளாறு வந்தால் சனி, ஞாயிறில் உதவிக்கு வெளியிலிருந்து ஆள் கிடைக்காது.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படித் தாமத நாள் வைக்க முடியாது. கையால் நிறுத்திவைக்கலாம், அதிகபட்சம் 35 நாள். கடைசிப் பந்திக் கணினிகளுக்காவது ப்ரோ உரிமம் வாங்குவது வீண்செலவு அன்று.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்புக்குக் கணக்கு வேறு. அதை 365 நாள் வரை தள்ளலாம். விண்டோஸ் 11இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், ப்ரோ இரண்டிலும் 24 மாதம் பாதுகாப்பு அப்டேட்டுகள் கிடைக்கின்றன. எனவே பழைய பதிப்பில் சில மாதங்கள் இருப்பதால் பாதுகாப்பு குறையாது. முதல் பந்திக்கு ஒரு மாதம், கடைசிப் பந்திக்கு ஆறு மாதம் என்று நிதானமாக வையுங்கள்.

படி 4: கவனிக்கும் வேலை

முதல் பந்திக்கு அப்டேட் இறங்கிய அன்று ஒவ்வொரு கணினியிலும் ஏழு வேலைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அணைத்துத் தொடங்குதல், உள்நுழைதல், முக்கிய மென்பொருளைத் திறத்தல், ஒரு பக்கம் அச்செடுத்தல், தமிழில் நான்கு வரி தட்டுதல், செருகியிருக்கும் கருவி ஒவ்வொன்றையும் இயக்குதல், பொதுக் கோப்புறையிலிருந்து ஒரு கோப்பைத் திறத்தல். பத்து நிமிடம் போதும்.

"வேலை செய்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "முன்பைவிட மெதுவாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். எக்ஸ்.இசட். கதையில் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, அரை விநாடி மட்டும் அதிகம்.

புதன்கிழமை காலையில் நீங்கள் செய்ய வேண்டியது மைக்ரோசாஃப்ட் வெளியிடும் அறிந்த சிக்கல்களின் பட்டியலைப் படிப்பது. அடுத்த ஐந்து நாளும் ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் பானைகளில் ஒன்றின் பெயர் அதில் இருந்தால் இரண்டாம் பந்தியை நிறுத்திவையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, அப்டேட்டின் எண், எந்தப் பந்தி, யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஐந்து பத்திகள். ஆறு மாதம் எழுதினால் எந்தப் பானை அடிக்கடி அடிபிடிக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

படி 5: அவசரப் பந்தி

இவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்னேன். காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு.

2017 மார்ச் 14இல் விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. மே 12இல் அதே ஓட்டை வழியாக வான்னாகிரை பரவியது. இடையில் 59 நாள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட சுமார் 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. பேட்ச் போட்டிருந்த கணினிகளை அது அந்த வழியாகத் தொட முடியவில்லை. தள்ளிப்போடுவது பழக்கமாகிவிட்டால் நடப்பது இதுதான்.

ஒரு ஓட்டையைத் தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனமே அறிவித்தாலோ, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் கடும் எச்சரிக்கை விட்டாலோ, பந்திகளைச் சுருக்குங்கள், ஒழிக்காதீர்கள். காலையில் உங்கள் கணினி, இரண்டு மணி நேரம் கழித்து முதல் பந்தி, மாலைக்குள் இரண்டாம் பந்தி, மறுநாள் காலை கடைசிப் பந்தி. ஒரே நாளில் முடித்தாலும் நான்கு படியாகவே முடியுங்கள். கிரவுட்ஸ்டிரைக் கோப்பு முதல் அரை மணி நேரம் நூறு கணினிகளுக்கு மட்டும் போயிருந்தால் உலகம் நின்றிருக்காது.

உலாவிக்கு எப்போதுமே குறைந்த தாமதம்தான் வைக்க வேண்டும். வங்கி, வரி, மின்னஞ்சல் எல்லாம் அதன் வழியாகவே போகின்றன. கணக்குப் பிரிவுக்கு விண்டோஸைப் 13 நாள் தள்ளினாலும் குரோமைத் தள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்கு வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. முதல் பந்தியில் சிலரை மட்டும் பீட்டா சேனலில் வையுங்கள். நிர்வாகிகளுக்குக் கூகுள் சொல்லும் அளவு நூற்றுக்கு ஐந்து பேர். புதிய பதிப்பு ஸ்டேபிளுக்கு வரும் முன்பே உங்கள் இணையதளங்கள் அதில் ஓடுகின்றனவா என்று தெரிந்துவிடும். இன்னொன்று, குரோம் அப்டேட் இறங்கிவிட்டாலும் உலாவியை மூடித் திறக்கும் வரை பழைய பதிப்பே ஓடும். மாதக்கணக்கில் முப்பது தாவல்களைத் திறந்தே வைத்திருப்பவரின் கணினி பாதுகாப்பற்றது என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

படி 6: திரும்பிப் போகும் வழி

முதல் பந்தியில் கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்பதை அப்டேட்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டை அமைப்புகளில் போய் நீக்கலாம். பெரிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம். குரோமை நிர்வாகக் கொள்கை மூலம் முந்தைய பதிப்புக்கு இறக்கலாம், ஆனால் தகவல் ஒத்திசைவு இல்லாத கணக்குகளில் சேமித்த தகவல் போய்விட வாய்ப்புண்டு. கைப்பேசிச் செயலிகளில் திரும்பும் வழி பெரும்பாலும் இல்லை. திரும்ப முடியாத அப்டேட் எதுவோ, அதற்கு முன்னெச்சரிக்கை அதிகம் வேண்டும்.

பிட்லாக்கர் மீட்புச் சாவிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 2024 ஜூலையில் பலருக்கு இங்கேதான் கை நின்றது. கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி ஒரு கோப்பை அழித்தால் போதும், ஆனால் அங்கே போகவே மீட்புச் சாவி தேவைப்பட்டது. அந்தச் சாவிகளின் பட்டியலும் முடங்கிய கணினிக்குள் இருந்தால் என்ன பயன்? ஒரு அச்சுப் பிரதியைப் பூட்டிய அலமாரியில் வைத்திருங்கள்.

படி 7: பின்வாசலைப் பாருங்கள்

உங்கள் தாமத அமைப்பு எதையெல்லாம் கட்டுப்படுத்துகிறது? அதற்குள் வராமல் தானாக வருவது எது? வைரஸ் தடுப்பானின் அன்றாடக் கோப்புகள், பிரிண்டர் டிரைவர், உலாவி நீட்சிகள், மடிக்கணினித் தயாரிப்பாளர் வைத்திருக்கும் அப்டேட் செயலி, அலுவலகத் தொகுப்பு ஆகிய ஐந்தையும் தனித்தனியே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். புதிய வசதிகள் தயாரானதும் வருவது கரன்ட் சேனல், மாதம் ஒரு முறை இரண்டாம் செவ்வாயில் வருவது மாதாந்திர நிறுவனச் சேனல். சிறு அலுவலகத்துக்குப் பின்னது நிம்மதி.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் இ.எஸ்.ஆர். சேனலைப் பாருங்கள். பெரிய மாற்றங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறையும் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமலும் வரும். லினக்ஸ் சர்வர் என்றால் டெபியன் ஸ்டேபிளோ உபுண்டு எல்.டி.எஸ்.ஸோ போதும். உபுண்டு எல்.டி.எஸ். ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலிலும் வருகிறது. முந்தைய எல்.டி.எஸ்.ஸில் இருப்பவர்களுக்கு அதை ஏப்ரலிலேயே நீட்டுவதில்லை. சில மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் மேம்படுத்தச் சொல்கிறது. செய்தவர்களே காத்திருக்கும்போது நாமும் காத்திருக்கலாம்.

பந்தி போடும் முன் ஆறு கேள்விகள்

1. எல்லாப் பானையிலிருந்தும் ஒரு கணினி முதல் பந்தியில் இருக்கிறதா?
2. அதில் உட்காருபவருக்குத் தான் முதல் பந்தி என்பது தெரியுமா?
3. இந்த மாதக் கெடு நாட்கள் எவை?
4. அறிந்த சிக்கல்களின் பட்டியலை இன்று படித்தாயிற்றா?
5. இந்த அப்டேட்டிலிருந்து திரும்ப முடியுமா, எத்தனை நாளுக்குள்?
6. மீட்புச் சாவியும் காப்புப் பிரதியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா?

ஆறுக்கும் விடை இருந்தால் பரிமாறலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஒரு நாள் பொறுக்கலாம்.

ப்ரோ உரிமம் தவிர வேறு மென்பொருளோ சர்வரோ வாங்காமலேயே இவ்வளவையும் செய்யலாம். வேண்டியது எட்டு மனிதர்களும், அவர்கள் போன் செய்தால் எடுக்கும் ஒருவரும். அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கு முன் ஒரு தாளை எடுத்து உங்கள் பானைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத பானை எதுவோ, நாளைக்குக் கோளாறு அங்கிருந்துதான் வரும். அதிலிருந்தே தொடங்குங்கள்.